பட்டறைக் கரை மீன்

"நம்மட பட்டறைக் கரையில பிடிச்ச மீன்தானே, கதிராமன்?"

"ஓம் முதலாளி. வேற எங்க போகப் போறன்?"

பாறூக் முதலாளி தினமும் காலையில் கேட்கும் கேள்வி இது. செவுளைத் தூக்கிப் பார்க்க மாட்டார். விலை பேச மாட்டார். "வேற ஆருக்கும் ஒண்டும் குடுக்கல்லையே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கூடையோடு வாங்கிக்கொள்வார்.

யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டுவிட்டுப் போன மறு வருடம் அது. காத்தான்குடிக்கு அப்பால், வாவிக் கரையில் இருந்தது அவருடைய பட்டறை. துருப்பிடித்த உருக்குத் தகடுகளைச் சுத்தம் செய்து, பட்டாளத்துக்கு வாளியும் பீப்பாயும் அடித்துக் கொடுத்தார்கள். அரிசிக்கே ஊர் ஆலாய்ப் பறந்த காலத்தில் ஒரு மனிதர் கூடை கூடையாய் மீன் வாங்கினால் யாருக்குத்தான் மண்டை குடையாது? மீன்காரன் கதிராமனுக்குக் குடைந்தது. அவன் மனைவி சீதேவிப்பிள்ளைக்கு அதைவிடக் குடைந்தது.

"அந்தக் கரை மீனில அப்படி என்ன ருசியாம் அவருக்கு?"

"எனக்கென்ன தெரியும்?"

"வீட்டில இருக்கிறது புருசனும் பொஞ்சாதியும் ரெண்டே பேர். கூடை மீனையும் என்னதான் செய்யுறார்? ஒருக்காக் கேட்டுப் பாருங்களேன்."

"கேக்கப் போய், இனி மீன் வேணாம் எண்டு சொல்லிட்டா? மாரிக்கு முன்னம் கூரைக்குக் கிடுகு போடுறது ஆரு, உன்ட அப்பரா?"

வாயை அடைத்துவிட்டானே தவிர, மனதை அடைக்க முடியவில்லை. பட்டறையில் வேலை செய்யும் முகம்மட்டைத் தேத்தண்ணிக் கடையில் பிடித்தான்.

"உங்களுக்கெல்லாம் முதலாளி நல்லா மீன் ஆக்கிப் போடுறாராமே?"

"மீனா? நாங்க வீட்டில இருந்து பருப்பும் சோறும் கட்டிக் கொண்டு போறம். நல்லாக் கேட்டாய் போ!"

அதற்கு மேல் கதிராமனால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் மீனைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதுபோல் போக்குக் காட்டி, கரையோரக் கண்ணாப் புதர்களுக்குள் நுழைந்து பட்டறையின் பின்பக்கம் வந்தான்.

வேலையாட்கள் இன்னும் வந்திருக்கவில்லை. பாறூக் முதலாளி சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் கையாலேயே மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்ததும் கூடையைக் கவிழ்த்தார். கெளிறு மீனும் மணலை மீனும் குழிக்குள் விழுந்தன. மேலே மண்ணைத் தள்ளினார்.

கதிராமனுக்கு வயிறு பற்றி எரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர் என்றாலும், மீன் மீன்தானே!

"முதலாளி! என்ன வேல இது?"

மண்வெட்டி அவர் கையிலிருந்து நழுவியது. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, "உள்ள வா, காட்டுறன்" என்றார்.

உள்ளே ஒரு பெரிய தொட்டி. அதில் திராவகத்துக்குள் தகடுகள் ஊறின. மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. தொட்டியைச் சுற்றி நெஞ்சளவுக்குப் பலகை அடைப்பு. பக்கத்தில் முழங்கை வரை நீண்ட தோல் உறைகள் வரிசையாகத் தொங்கின.

"முகம்மட்ட கை வெந்த பிறகு இதெல்லாம் செஞ்ச நான். என்ட ஆக்களுக்கு இனி ஒண்டும் வராது. ஆனா இதப் பார்."

அவர் காட்டிய இடத்தில், தொட்டியின் கழிவு ஒரு வாய்க்கால் வழியாக நேரே வாவிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"நாலு சுவருக்குள்ள மட்டும்தான் யோசிச்சிருக்கன் கதிராமன். பட்டறைப் பூனை கரையில செத்து ஒதுங்கின மீனத் திண்டுட்டுத் துடிச்சுச் செத்துது. அண்டையில இருந்து நித்திர இல்ல. நீ இந்தக் கரையில பிடிக்கிறத ஒரு குழந்தை திண்டா, அல்லாட்ட நான் என்ன பதில் சொல்லுற? அதான் எல்லாத்தையும் நானே வாங்கிப் புதைக்கிறன்."

கதிராமன் வாய்க்காலைக் கைகாட்டினான்.

"இந்தத் தண்ணிய நிப்பாட்ட ஏலாதா, முதலாளி?"

"ஏலும். சுண்ணாம்பு போட்டு ஒரு குழி கட்டோணும். அதுக்குப் பட்டறையக் கொஞ்ச நாள் மூடோணும். பட்டாளத்து வேல, இப்ப மூட விடுவானுகளா? சண்டை முடியட்டும், கட்டுவம்."

"அதுக்குள்ள வாவிக்கு என்னவும் ஆகிட்டா?"

அன்று முதல் தடவையாக முதலாளி சிரித்தார்.

"அந்தப் பயம் எனக்கில்ல. ஒவ்வொரு நாளும் கூடை நிறையக் கொண்டு வாறியே! திங்கத்தான் கூடாது, ஆனா மீன் இருக்கு. மீன் இருக்கிற வாவி எப்படிச் சாகும்? உன்ட கூடையப் பாத்துத்தான் நான் மனசத் தேத்துறன்."

கதிராமன் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது தலையை ஆட்டிவிட்டுப் போனால் போதும். சண்டை முடியும் வரை யாவாரம் நடக்கும். கிடுகும் வாங்கலாம், சீதேவிப்பிள்ளைக்குச் சேலையும் வாங்கலாம். அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"முதலாளி, நாளைக்கே பட்டறைய மூடிட்டுக் குழியக் கட்டுங்க."

"ஏன்கா, என்ன அவசரம்?"

"போன கச்சான் காத்துக் காலத்தோட இந்தக் கரையில மீன் பூண்டோட ஒழிஞ்சு போச்சு. இவ்வளவு நாளும் நீங்க வாங்கிப் புதைச்சது, களுவாஞ்சிக்குடியில என்ட மச்சான் பிடிச்சு விடிய பஸ்ஸில ஏத்தி விட்ட நல்ல மீன்."