வடவள்ளியில் ஒரு கணப்பு

அவர் தீக்குச்சியைக் கிழித்தார்.

முதல் குச்சி அணைந்தது. தீப்பெட்டி நமுத்திருந்தது. காற்றே இல்லை. மார்கழி என்று காலண்டர் சொன்னதோடு சரி.

இரண்டாவது குச்சி தேங்காய்த்தொட்டியில் பற்றியது. நெருப்பு கருவேல விறகைத் தொட்டுப் பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது.

மகள் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பனி கொட்டும் வெளிநாட்டு ஊரான கால்கரியிலிருந்து நான்கு வருடம் கழித்து வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறது. நல்ல குளிர் விழட்டும், அன்றைக்குக் கூடத்துச் சுவரில் குளிர்காயக் கட்டிய கணப்பைப் பற்றவைத்துக் காட்டலாம் என்று அவர் தினமும் காத்திருந்தார். விழவில்லை. இனியும் காத்திருந்தால் அவள் போய்விடுவாள்.

இத்தனை நாளும் அவள் அதை வெங்காயம் வைக்கிற மாடம் என்றே நினைத்திருந்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வடவள்ளியில் கணப்பு வைத்த வீடு வேறு கிடையாது. தேவையும் கிடையாது. ராத்திரிக்கு ஒரு போர்வை, விடிகாலையில் நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு குல்லா. அதோடு இந்த ஊர்க் குளிர் முடிந்துவிடும்.

கட்ட வந்த ஆறுச்சாமி மேஸ்திரிக்குத் தெரிந்தது பேக்கரி அடுப்புதான்.

"ஏனுங்க, பன்னு வர்க்கி போடறதா உத்தேசங்களா?" என்று கேட்டார்.

சரியான பதில் வராததால் பேக்கரி அளவுக்கே கட்டிவிட்டுப் போனார். புகைபோக்கி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி நின்றது. தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் மாவு மில் என்று நினைத்து, தூக்குவாளியோடு வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

மனைவி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து அதற்குள் கொட்டினாள். காற்றோட்டமான இடம். ஒன்றுகூட அழுகவில்லை.

"இதுக்காச்சும் ஆச்சே" என்றாள்.

எதற்காகக் கட்டினார் என்பது அவளுக்கும் தெரியும்.

ஞாயிறு காலையில் மகள் வீடியோவில் வருவாள். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு. அவள் முதுகுக்குப் பின்னால் எப்போதும் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். விறகு வெடிக்கிற சத்தம்கூடக் கேட்கும். ஒருமுறை அவர் மனசை அடக்க முடியாமல் கேட்டுவிட்டார், ஒரேயடியாக இங்கேயே வந்துவிடக் கூடாதா என்று.

அவள் திரும்பி நெருப்பைப் பார்த்தாள். சிரித்தாள்.

"இத வுட்டுப்போட்டு எப்படிப்பா வர்றது?"

மனைவி அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். அவர் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். எது இல்லையோ அதைப் பொருத்திவிட்டால் மெஷின் ஓடும் என்று நம்புகிறவர். மறுநாள் காலையிலேயே மேஸ்திரி வீட்டுக்குப் போனார்.

இப்போது நெருப்பு நன்றாக எழுந்துவிட்டது. புகை வீட்டுக்குள் வரவில்லை. அந்த விஷயத்தில் மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது.

"கிட்ட வந்து உக்காரு அம்முணி. அங்க உன்ற ஊட்டுல இருக்கறாப்பலயே கட்டச் சொன்னேன்."

அவள் விழித்தாள். நெருப்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அப்பா, அங்க நெருப்பெல்லாம் கெடையாது. அது டிவி."

அவர் கையில் ஒரு விறகு இருந்தது.

"நெருப்பு எரியற வீடியோப்பா. ஆபீஸ்ல இருந்து வந்ததும் போட்டு வுட்டுருவேன். கூட ஒரு ஆள் ரூம்ல இருக்கறமாதிரி இருக்கும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்கிற மாதிரி.

விறகு ஒன்று வெடித்தது. வீடியோவில் கேட்ட அதே சத்தம்.

நான்கு வருடமாக அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை இட்லிகளை நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறார். பிள்ளைக்கு அங்கே ஒரு குறையும் இல்லை என்று.

கூடம் தகித்தது. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மகள் துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தாள்.

"அணைச்சுப்போடட்டுமா?" என்றார்.

அவள் எழுந்தாள்.

அறைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தார். பெட்டி அடுக்குகிற வேலை இருக்கிறது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தலைக்குமேல் ஃபேன் சுற்றத் தொடங்கியது.

அவள் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று ரெகுலேட்டரைத் திருகிக்கொண்டிருந்தாள். நெருப்பு அலைக்கழியாத அளவுக்கு, தங்களுக்கு வியர்க்காத அளவுக்கு. அது சரியாக அமைய நேரம் பிடித்தது. பிறகு திரும்பி வந்தாள். சோபாவில் உட்காரவில்லை. தரையில், அவருக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் கையிலிருந்த விறகை உள்ளே வைத்தார்.

சமையலறை வாசலில் மனைவி நின்றாள். இடுப்பில் வெங்காயக் கூடை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மத்தியானத்திலிருந்து வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மேலே சுற்றுகிற ஃபேனையும் கீழே எரிகிற நெருப்பையும் ஒருமுறை பார்த்தாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம இவ போனதுக்கப்பறம் இத மறுக்காவும் அதுலயே கொட்டிக்கட்டுங்களா?"

கேட்டது அவரை.

மகள் நெருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெங்காயத்துக்கு வேற எடம் பாத்துக்கம்மா."

மனைவி கூடையை நின்ற இடத்திலேயே இறக்கி வைத்தாள்.