ஏரிக்கூரையில் ஒட்டாத குமிழி

ஏரியின் மேல்பக்கம் முழுக்க உறைந்து கிடந்தது. அதில் ரம்பத்தால் ஓட்டை அறுத்து, ஒரு ஆள் காற்று சிலிண்டரோடு உள்ளே முங்கினான். அவன் விட்ட மூச்சிலிருந்து ஒரு குமிழி கிளம்பி, மேலே வந்து பனிக்கட்டியில் முட்டியது.

அங்கே நேற்றைய குமிழி ஒன்று பாதி உறைந்து, தோசை மாதிரி தட்டையாக ஒட்டிக்கிடந்தது.

"வா தம்பி, பக்கத்துல ஒட்டிக்கோ. கொஞ்ச நேரத்துல நீயும் கட்டியாயிடுவ. அப்புறம் ஒரு கவலையும் இல்ல."

"கட்டியாகவா ஒருத்தன் நெஞ்சுக்குள்ளருந்து வந்தேன்? ஓட்டை எந்தப் பக்கம்ணே?"

"அந்தாளோட கயிறு தொங்குதே, அங்க. ஆனா போகாத. வெளிக்காத்து பட்டதும் உடைஞ்சிடுவ."

"உடைஞ்சா உடையுறேன். இங்க படுத்துக் கிடக்க மாட்டேன்."

பனிக்கட்டியின் அடியைத் தடவித் தடவி அந்தக் குமிழி உருண்டு போனது. ஓட்டையை எட்டியதும் பட்டென்று உடைந்தது.

"திமிரு பிடிச்சது. சொல்லச் சொல்லக் கேக்காம உடைஞ்சு போச்சு" என்று அடுத்து வந்த குமிழியிடம் பழையது புலம்பியது.

"எங்க உடைஞ்சுது?"

"வெளிய."

"அப்ப நகருண்ணே."

பழையது நகரவில்லை. அதால் முடியாது.

"பரவால்ல, உன்னைச் சுத்திப் போயிக்கிறேன்" என்றது புதுக்குமிழி.