பூட்டிய வால்வு

பாய்லர் ஆப்பரேட்டர் மங்கையர்க்கரசி நீராவி வால்வைச் சங்கிலியால் கட்டிப் பூட்டியிருந்தாள். அந்த வால்வின் குழாய் போய்ச் சேரும் எதிர்த் தொட்டிக்குள் வெல்டர் இருதயம் வேலை செய்துகொண்டிருந்தார். பதினொரு மணிக்கு மேலாளர் சபேசன் சம்மட்டியோடு வந்து பூட்டை உடைத்தார்.

“உள்ள ஆளு இருக்கு சார்.”

“எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லிட்டாங்க. பிளான்ட் நிக்குதும்மா, தள்ளு.”

“இருதயண்ணன் இன்னும் வரல. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு அவர் வால்வைத் திருப்பினார். குழாய் உறுமியது. அவள் தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்து அவர் மணிக்கட்டில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவர் வால்வை நோக்கி இடது கையை நீட்டினார். அதிலும் அடித்தாள். அவர் சரிந்ததும் வால்வை மூடி, அதன் சக்கரத்தை மார்போடு கட்டிக்கொண்டாள்.

ஆலைக் காவலர்கள் இருவர் ஓடிவந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தார்கள். முகம் இரும்பில் மோதி உதடு கிழிந்தது. அப்போதும் அவள் பிடியை விடவில்லை.

தொட்டியின் வாயில் இருதயத்தின் தலை தெரிந்தது. முகமெல்லாம் சிவந்திருந்தது.

“என்னம்மா, உள்ள திடீர்னு இப்படிக் கொதிக்குது?”

காவலர்களில் ஒருவன் மட்டும் கையை எடுத்தான்.