இரண்டு மில்லிமீட்டர் குறைந்த குழாய்

ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே, சூட்டைத் தணிக்கத் தண்ணீர் கொண்டுபோகும் விறைப்பான பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருந்ததாம். அனலில் காட்டி அழகாக வளைத்திருந்தார்கள். அந்த வளைவில் அதற்குக் கொஞ்சம் தலைக்கனம். நீளத்தில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் குறைச்சல். தெரிந்தால் கழற்றி எறிந்துவிடுவார்களே என்று, மூட்டுக்குள் எட்டியும் எட்டாமலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கம்ப்யூட்டரை ஓடவிடுமுன் ஒழுகுகிறதா என்று பார்க்க, மூட்டுக்குக் கீழே டிஷ்யூ காகிதம் ஒன்றை விரித்தார்கள்.

"ஏம்ப்பா, என்மேல சந்தேகமா?" என்றது குழாய்.

"எல்லா மூட்டுக்குக் கீழயும் ஒவ்வொருத்தரா படுத்திருக்கோம்ண்ணே. நீளமெல்லாம் சரியா இருக்குல்ல?"

"நீ என் வளைவைப் பார்த்தியா?"

பம்பை மட்டும் ஓடவிட்டார்கள். தண்ணீர் வந்தது. மூட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"துடைச்சுக்கோ. யார்கிட்டயும் சொல்லிடாதே," என்றது குழாய்.

"நான் வாயே திறக்கலண்ணே. நனைஞ்சிட்டேன், அவ்வளவுதான்."

சற்று நேரத்தில் இரண்டும் குப்பைக்கூடையில் கிடந்தன. மேலே புதுக் குழாய்க்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள், இந்த முறை இரண்டு தடவை.

குழாய் அதை அண்ணாந்து பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது: "இருந்தாலும், வளைவு?"

"பிரமாதம்ண்ணே," என்றது ஈரக் காகிதம்.