பின்னணிக் குரல்

யாரோ விட்டுப்போன கேமராவும் மைக்கும் காகத்துக்குக் கிடைத்தன. ஆற்றைக் கடக்கும் யானைகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க அதற்கு ஆசை. கையில் காலணா இல்லாததால் ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அசையாமல் நிற்கத் தெரிந்த கொக்கிடம் போய், "கேமராவை நீங்கதான் பிடிக்கணும். சம்பளம் கிடையாது. சாப்பாடு ஆத்துல இருக்கு, நீங்களே பிடிச்சுக்கணும்" என்றது.

கொக்கு சிரித்துக்கொண்டே சம்மதித்தது. காது கூர்மையான முயல் ஒலிப்பதிவுக்கு வந்தது. பின்னணிக் குரல் கொடுக்க மட்டும் காகம் யாரையும் தேடவில்லை. பேச்சில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் யானைகள் வந்தன. ஆனால் ஆற்றில் இறங்கவில்லை. கரையில் வெளுத்துக் கிடந்த ஒரு யானையின் எலும்புகளைச் சுற்றி நின்றன. ஒவ்வொன்றாக முன்னால் வந்து, துதிக்கை நுனியால் அதன் மண்டையோட்டை மெல்லத் தடவின. குட்டியும் தடவியது. அதன் பிறகே ஆற்றைக் கடந்தன.



வெகுநேரம் கழித்து முயல் மைக்கை நீட்டியது. "இனி நீங்க பேசலாம்."

காகம் அலகைத் திறந்தது. பிறகு மைக்கை முயலிடமே தள்ளிவிட்டது.

"அதுங்க மூச்சு விட்டது பதிவாகியிருக்கா?" என்று கேட்டது.

"தெளிவா இருக்கு."

"அப்போ பின்னணிக்கு அதுவே இருக்கட்டும்" என்றது காகம்.