தடிக்காத கை

மூன்று நாளாகத் தண்ணீர் படாமல் காத்த கையைச் சாவித்திரி மேசைமேல் நீட்டுகிறாள். காசநோய் இருந்தால் ஊசி போட்ட இடம் தடிக்குமாம். பட்டு இழையில் முடிச்சைத் தேடுவதுபோல, பேனாவால் போட்ட வட்டத்துக்குள் டாக்டரம்மாவின் விரல் மெல்ல நகர்கிறது. ஒரு மேடும் இல்லை. "அப்ப டிபி இல்லீங்களாம்மா?" "மூட்டுவாதத்துக்கு நீ சாப்பிடற மாத்திரை தோலை மந்தமாக்கிடும்மா, நோய் இருந்தாலும் தடிக்காது. ஊசியை மட்டும் நம்பாமதான் அன்னிக்கே சளியும் எடுத்தேன். அதுல கிருமி இருக்கு. இன்னிக்கே மருந்து ஆரம்பிச்சா குணமாயிடும்." வெளியே தெருவில் தறிச் சத்தம் ஓயாமல் கேட்கிறது. "கையை மட்டும் பாத்து அனுப்பியிருந்தா, இருமிகினே கொழந்தைக்குப் பால் குடுத்துகினு இருந்திருப்பேம்மா." அவள் கும்பிடுகிறாள். வீங்கிக் கோணிய விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. அந்த இடைவெளி வழியே காலை வெயில் டாக்டரம்மாவின் மேசையில் விழுகிறது.