அந்த வருஷத்து வசனம்

புத்தாண்டு ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்த, பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை அம்மா என்னிடம் நீட்டினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தன் கைக்கு வந்த வசனம் கர்த்தர் தனக்கென்றே அனுப்பியது என்று வருஷம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு வாழ்வாள். அப்பா அடித்து வீங்கிய இடது கண் இன்னும் திறக்கவில்லை.

வேதம் வானத்திலிருந்து விழவில்லை, பல காலத்தில் பல பேர் எழுதிச் சேர்த்தது என்று கல்லூரியில் படித்துவிட்டு வந்து அவளிடம் கத்தியிருக்கிறேன். "எவரு எழுதுனா என்னட்டி? எனக்குன்னு வருதுல்லா" என்பாள்.

அட்டை அவளைப் பொறுமையாக இருக்கச் சொன்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் இல்லாததை வேதத்தின் நடையிலேயே சத்தமாக வாசித்தேன்: "மகளே, உன்னை அடிக்கிறவனுடைய வீட்டை விட்டுப் புறப்படு, நான் உன்னோடேகூட வருவேன்."

அம்மா அட்டையை வாங்கி, வீங்கிய கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் எத்தனையோ முறை கெஞ்சியும் அசையாதவள், வீட்டுக்கு வந்ததும் இரண்டு சேலைகளை மஞ்சப்பையில் திணித்தாள். வாசலில் நின்று கேட்டாள்: "வேதத்துல எந்த அதிகாரம்ட்டி? பாஸ்டரய்யா கேட்டா சொல்லணும்லா."

நான் என் செருப்பை மாட்டினேன்.